லைட் பட்டால் சிரிக்க வேண்டும்

எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை, வீடியோ எடுக்கப்படாத காரியம் நடக்காத காரியம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் வீடியோ, பெட்டை பெரியவளானால் வீடியோ, கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். செத்தாலும் விடமாட்டார்கள். பெட்டிக்குள் கிடக்கிறவரின் முகத்துக்கு லைட்டைப் பிடித்து, சுற்றி நின்று அழுகிறவர்களிடம் "கொஞ்சம் விலகுங்கோ, ஆள் தெரியேல்லை" என்று சொன்ன வீடியோக்காரரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே மனிதர்தான் என் விளையாட்டு வாழ்க்கைக்கும் மண் போட்டவர். வயது போகப் போகக் கோபம் ஆறும் என்கிறார்கள். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, இன்னும் ஆறவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மன்னாரிலிருந்து வந்து நாங்கள் குடியேறிய இத்தாலியின் பலெர்மோவில், நான் ஜோடி ஸ்கேட்டிங் வீராங்கனை. (சிரிக்க வேண்டாம். சிரிக்கிற இடம் இன்னும் வரவில்லை.) டிவியில் பார்த்திருப்பீர்கள். ஒருவனும் ஒருத்தியும் பனித்தரையில் வழுக்கிக்கொண்டு போவார்கள், அவன் அவளைத் தலைக்கு மேலே தூக்குவான், சுழற்றுவான், தூக்கி எறிவான், அவள் ஒற்றைக் காலில் வந்து இறங்கி ஒன்றும் நடக்காத மாதிரிப் போய்க்கொண்டிருப்பாள். அதேதான். ஆனால் பலெர்மோவில் ஐஸ் என்றால் கோப்பையில் போட்டுக் கரண்டியால் தின்கிற கிரனீத்தா மட்டும்தான். ஆகவே நாங்கள் ஓடியது நாலு சில்லுப் பூட்டிய சப்பாத்தில், மரத்தரையில். விழுந்தால் நோவு ஒன்றுதான். (அந்தச் சப்பாத்துக்கு இத்தாலியனில் பெயர் பத்தீனி. எங்கள் வீட்டில் அதை வைத்து என்னென்ன பகிடி விட்டிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.)

என் ஜோடி சல்வோ. அம்மா வீட்டுவேலை செய்த இத்தாலிய வீட்டுக்காரி, எங்களுக்குச் சிஞ்ஞோரா, அவருடைய ஒரே மகன். அவனோடு முதலில் ஓடிக்கொண்டிருந்த பெட்டை திடீரென்று அவனைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள். ஒருநாள் அம்மாவுக்கு உதவியாகப் போய் யன்னல் துடைத்துக்கொண்டிருந்த என்னை, சிஞ்ஞோரா பின்னால் வந்து இடுப்பில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பல்லாரோ சந்தையில் பூசணிக்காயை நிறுத்துப் பார்க்கிற மாதிரித்தான். பிறகு அம்மாவிடம் திரும்பி, "இவள் எனக்கு வேண்டும்" என்றார். அம்மா அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டு, எனக்கும் சேர்த்து இன்னொரு ஏப்ரன் வாங்க வேண்டுமோ என்று கேட்டார்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பா பொலிதேயாமாப் பக்கம் ஒரு பல்வைத்தியரின் கிளினிக்கைத் துப்புரவு செய்பவர். கோடையில் மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவுபவர். ஆனால் மானம் என்று வந்தால் மன்னாருக்கே அரசர். "உவன் ஆர் என்ரை பிள்ளையைத் தூக்கிறதுக்கு?" என்றார். அம்மா, "விளையாட்டுத்தானேப்பா" என்றார். "விளையாட்டெண்டால் பந்தைத் தூக்கட்டும்."

இப்படிப்பட்ட அப்பா எப்படி இறங்கி வந்தார் என்றால், அதற்கும் காரணம் வீடியோதான். கனடாவிலிருந்த மாமி, அதாவது அப்பாவின் தங்கச்சி, மாதம் தவறாமல் கசற் அனுப்புவார். மாமியின் மூத்த மகள் பரதம் ஆடுகிறாள், ஒரு கசற். இளையவள் பியானோ அடிக்கிறாள், ஒரு கசற். இருவரும் சேர்ந்து பனியில் நிற்கிறார்கள், ஒன்றுமே செய்யவில்லை, அதற்கும் ஒரு கசற். அல்பெர்கேரியாவில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் இருந்து இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு வயிறு எரிந்தது. திருப்பி அனுப்ப எங்களிடம் என்ன இருந்தது? தம்பி மூக்கு நோண்டுவான், அதை அனுப்ப முடியாது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போது அப்பாவே கேட்டார்.

"உந்தச் சில்லுச் சப்பாத்து விளையாட்டு, கனடாவிலை ஆராவது தமிழ்ப் பிள்ளையள் செய்யினமோ?"

"எனக்குத் தெரிய இல்லையப்பா."

"அப்ப செய்."

ஆகவே செய்தேன். சும்மா செய்யவில்லை, உயிரைக் கொடுத்துச் செய்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் ஸ்கேட்டிங் மண்டபத்தில் கிடப்பேன். முழங்காலில் தோல் கிடையாது. எங்கள் கோச் இவானா வாயில் சிகரெட்டோடு நின்று கத்துவாள். அவளுக்கு என்னிடம் பிடிக்காத ஒரே விஷயம், நான் ஆட்களைப் பார்த்துச் சிரிப்பது. "உன்னைத் தூக்கியிருக்கும்போது கண் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், ஜெசி. கண் திரும்பினால் தலை திரும்பும், தலை திரும்பினால் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால் சல்வோ செத்தான்." எனக்கு வடிவாக விளங்கியது. அந்த வருடம் முழுக்க நான் எங்கும் திரும்பவில்லை.

மாகாணப் போட்டிக்கு முன்னால் இவானா எங்கள் இருவரையும் இருத்திவைத்துச் சொன்னாள். இதில் முதலிடம் வந்தால் வடக்கே போய் தேசியப் போட்டி. வராவிட்டால் சல்வோவைக் கத்தானியாவில் இருக்கும் ஒரு பெட்டையோடு சேர்க்கப் போகிறார்கள், சிஞ்ஞோரா பேசி முடித்துவிட்டார். அவள் பத்து வயதிலிருந்து ஓடுகிறவளாம். எனக்கு வேறு ஜோடி தேட மாட்டார்கள் என்பதை இவானா சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வேலைக்காரியின் மகளை எந்த வீட்டுக்காரர் தேடி வந்து தூக்குவார்? எனக்கு இருந்தது அந்த ஒரு போட்டிதான்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா மிகவும் பொறுப்பாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "அப்ப மரியதாஸைப் பிடிக்கத்தான் வேணும்" என்றார்.

வீடியோ மரியதாஸ் அண்ணை பகலில் ஒரு இத்தாலியக் கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்பவர். மற்ற நேரத்தில் பலெர்மோத் தமிழரின் வரலாறு அவர் கையில். தோளில் ஒரு பெரிய கமெரா, அதற்கு மேலே ஒரு லைட். சும்மா லைட் இல்லை. அது முகத்தில் பட்டால் தேகம் வேர்க்கும். அந்த லைட்டுக்குப் பின்னால் ஒரு நீண்ட வயர், அவர் போகிற இடமெல்லாம் இழுபட்டுக்கொண்டு வரும். எங்கள் ஊர்க் கொண்டாட்டங்களில் மாப்பிள்ளை பொம்பிளையைவிட அவருக்குத்தான் மரியாதை. குருவானவரே அவர் தலையாட்டும்வரை மோதிரத்தை ஆசீர்வதிக்காமல் நிற்பார். பொம்பிளை கேக் ஊட்டியது சரியாகப் பதியவில்லை என்றால், "இன்னொருக்கா ஊட்டுங்கோ" என்பார், ஊட்டுவார்கள்.

பிள்ளைகளாகிய எங்களுக்கு அவர் படிப்பித்த பாடம் ஒன்றுதான். லைட் முகத்தில் பட்டால், செய்வதை அப்படியே நிறுத்து, கமெராவைப் பார், சிரி. சோறு தின்றாலும் சரி, அடிபட்டுக்கொண்டு நின்றாலும் சரி. அவர் "காணும்" என்று சொல்லும்வரை அசையக் கூடாது. அசைந்தால் பின்னாலிருந்து யாராவது தலையில் குட்டுவார்கள். நாலு வயதிலிருந்து இப்படி வளர்ந்த பிள்ளை நான்.

போட்டி அன்று அப்பா பல்லாரோவைச் சுற்றியிருந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றையும் அழைத்துக்கொண்டு வந்தார். வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார், கல்யாணத்துக்குச் சொல்வது போல. பெண்கள் எல்லாரும் கூறைச்சேலையில் வந்தார்கள். பெரிய பெரிய சட்டியில் ரோல்ஸ், பற்றிஸ், பிளாஸ்கில் தேத்தண்ணி. மண்டபத்தில் இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள், அந்தப் பக்கம் இத்தாலியர்கள். நடுவர்களுக்கும் ஒரு தட்டில் பற்றிஸ் போனது. (ஒருவர் எடுத்தார். உறைப்பில் கண் கலங்கி, அவர் எங்களுக்கு முதல் ஓடிய ஜோடிக்கு என்ன புள்ளி போட்டார் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும்.)

என் கோலத்தையும் சொல்லிவிடுகிறேன். கால் தெரியக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. ஆகவே தோல் நிறத்தில் நீளக் காலுறை. யாருடைய தோல் நிறம்? இத்தாலியரின் தோல் நிறம். இடுப்புக்கு மேலே மன்னார், கீழே மிலானோ. இருந்தாலும் அந்த நீலச் சட்டையில் நான் வடிவாகத்தான் இருந்தேன். இப்போது யார் நம்புகிறார்கள்?

பாட்டுத் தொடங்கியது. ஓடினோம்.

நான் என்னைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறவள் இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. அன்றைக்கு நாங்கள் ஓடியது போல முன்னால் ஓடியதில்லை. சுழற்சியெல்லாம் ஒரே நூலில். சல்வோ என்னை எறிந்தான், நான் காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் வந்து இறங்கினேன், சில்லு சத்தம்கூடப் போடவில்லை. இவானா சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். பாட்டில் முக்கால்வாசி முடிந்தது, ஒரு பிழை இல்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான், கடைசித் தூக்கு. சல்வோ என்னை ஒற்றைக் கையில் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்பக்கமாகச் சுழன்று சுழன்று மண்டபத்தைக் கடக்க வேண்டும்.

தூக்கினான். கண்ணை ஒரே இடத்தில் வைத்தேன். பாதித் தூரம் போனோம்.

லைட் வந்தது.

மரியதாஸ் அண்ணை தடுப்பைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். அவருக்கு அது தவறாகவே தோன்றவில்லை. பலிபீடத்துக்கே ஏறுகிற மனிதருக்கு ஒரு விளையாட்டு மண்டபம் எம்மாத்திரம்? நடுத்தரையில் வந்து நின்று, லைட்டை நேரே என் முகத்துக்குப் பிடித்து, கல்யாண வீட்டில் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"பிள்ளை, இஞ்சை பாருங்கோ. அப்படியே நில்லுங்கோ. சிரியுங்கோ."

நான் திரும்பினேன். நின்றேன். சிரித்தேன்.

தலைக்கு மேலே, ஒற்றைக் கையில், சுழன்றுகொண்டிருக்கும்போது எப்படி நிற்கிறது என்று கேட்கிறீர்களா? நிற்க ஏலாது. ஆனால் என் தேகம் நின்றது. விறைத்துப்போய், பல்லெல்லாம் காட்டிக்கொண்டு நின்றது. கீழே சல்வோ சுழன்றுகொண்டிருந்தான், மேலே நான் குரூப் போட்டோவுக்கு நின்றேன். இவானா சொன்னது அப்படியே நடந்தது. தலை திரும்பியது, இடுப்பு திரும்பியது, சல்வோவின் கை மடங்கியது. அவன் சமாளித்துப் பின்னால் ஒரு அடி வைத்தான். அங்கே வயர் கிடந்தது.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. சல்வோ விழுந்தான், அவன் மேல் நான் விழுந்தேன், வயர் இழுபட்டு மரியதாஸ் அண்ணை எங்கள் இருவர் மேலும் விழுந்தார். மூவரும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு நடுவர்களின் மேசைவரை போனோம். இத்தனைக்கும் மனிதர் கமெராவை விடவில்லை. குருவானவர் நற்கருணையைத் தூக்கிப் பிடிப்பது போல இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்திருந்தார். அதற்கு ஒரு கீறல் இல்லை. சல்வோவின் மணிக்கட்டு பிசகிவிட்டது. என் நாடியில் விழுந்த தழும்பை இன்றைக்கும் பார்க்கலாம்.

அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் எல்லாப் பெண்களும் வந்தார்கள். யாரோ என் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், யாரோ வாயில் தேத்தண்ணி ஊற்றினார்கள், பாட்டு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மரியதாஸ் அண்ணை எழும்பி, சட்டையைத் தட்டிக்கொண்டு, அப்பாவிடம் சொன்னார்.

"ஒண்டும் யோசியாதையுங்கோ. தூக்கினது வடிவா விழேல்லை. இன்னொருக்கா தூக்கச் சொல்லுங்கோ, எடுத்து விடுவம்."

என் அப்பா, என்னைப் பெற்ற அப்பா, நடுவர்களின் மேசைக்குப் போய், தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "சிஞ்ஞோரி, பிள்ளைகள் இன்னொரு தடவை தூக்கட்டும். வீடியோவுக்காக."

அவர்கள் அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன். தரை பிளந்து என்னை விழுங்கட்டும் என்று மன்றாடினேன். மரத்தரை, பிளக்கவில்லை.

உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே சல்வோ கையில் ஐஸ் பையோடு இருந்தான். அந்த வருடத்தில் அவன் என்மேல் கோபப்பட்டதே இல்லை. அன்றைக்கும் கத்தவில்லை. விளங்காமல்தான் கேட்டான்.

"நீ ஏன் சிரித்தாய்?"

"லைட் பட்டது."

"பட்டால்?"

"பட்டால் நாங்கள் சிரிப்போம்."

"ஏன்?"

அவன் சப்பாத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தாயோடு போய்விட்டான். அடுத்த கிழமை கத்தானியாப் பெட்டை வந்தாள். அடுத்த வருடப் போட்டியில் முதலிடம் வந்து அவர்கள் வடக்கேயும் போனார்கள். ஜோடி இல்லாதவளுக்கு ஜோடி ஸ்கேட்டிங் இல்லை. என் சப்பாத்து கட்டிலுக்குக் கீழே போனது.

இதோடு முடிந்திருந்தால் நான் மனதை ஆற்றியிருப்பேன். முடியவில்லை. கசற் இன்னும் வரவில்லையே.

மரியதாஸ் அண்ணை கசற்றை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, கொப்பி எடுத்துத் தானே வெளிநாடுகளுக்கு அனுப்பிவிடுவார். அது அவருடைய சேவை. எங்கள் கொப்பி கடைசியாகத்தான் வரும். ஆகவே கனடா மாமியின் ஃபோன்தான் முதலில் வந்தது. அப்பா எடுத்தார். மாமி பேசியது ரிசீவருக்கு வெளியே எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நல்லாயிருக்கு அண்ணை. கூடப்பிறந்தவள் ஒருத்தி இஞ்சை இருக்கிறன், ஒரு சொல்லுச் சொல்லாமல் கலியாணத்தை முடிச்சிட்டியள்."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? ஆற்றை கலியாணம்?"

"கசற்றே வந்திட்டுது, இனி ஏன் மறைக்கிறியள்? வெள்ளைக்காரப் பெடியன், பாக்கிறதுக்குப் பறவாயில்லை. ஆனால் அண்ணை, பிள்ளைக்கு இப்பதானே பதினாலு?"

நடந்தது இதுதான். மரியதாஸ் அண்ணையிடம் இருந்தது ஒரே ஒரு மாதிரிதான், கல்யாண மாதிரி. பெட்டையும் பெடியனும் ஒன்றாக நின்றால் அவருடைய மெசின் அதைத்தான் செய்யும். தொடக்கத்தில் இரண்டு புறா. நடுவில் ஒரு மோதிரம். "ஜெசிந்தா – சல்வத்தோரே" என்று ரோசாப்பூ எழுத்து. ஒரு இதயத்துக்குள் என் முகம், மற்ற இதயத்துக்குள் சல்வோவின் முகம், இரண்டும் மிதந்து வந்து ஒட்டும். பின்னணியில் ஒரு சினிமா டூயட். கடைசியில் அவன் என்னைத் தூக்குகிறான், நான் கமெராவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறேன்.

"ஏன் அண்ணை விழுத்தினவன்?" என்று மாமி கேட்டார். "குடிச்சிருந்தவனோ?"

அப்பா ரிசீவரை வைத்துவிட்டு மரியதாஸ் அண்ணை வீட்டுக்குப் போனார். என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது மரியதாஸ் அண்ணையிடமிருந்து இலவசமாக ஒரு கொப்பியும் கொண்டுவந்தார். இதுதான் என் அப்பாவின் வீரம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அம்மா பெருமூச்சு விட்டார். பாரிஸ், ரொறொன்ரோ, மன்னார் என்று உலகம் முழுக்க நான் மணமாகி, மணமுறிந்தவளும் ஆகிவிட்டேன், பதினைந்து முடிவதற்குள்.

உண்மையாகவே எனக்குக் கல்யாணம் பேசி வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். "முதல் பெடியன் இப்ப எங்கை?" பிள்ளை குட்டி உண்டோ என்றும் கேட்டார்கள். என் புருஷன் அன்ரன் இன்றைக்கும் யாருக்காவது தன்னை அறிமுகம் செய்யும்போது, "நான் இரண்டாவது ஆள்" என்றுதான் தொடங்குவார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. என் கல்யாணத்துக்கும் அதே மரியதாஸ் அண்ணைதான் வந்தார், வேண்டாம் என்று நான் அழுதும் கேட்கவில்லை. அந்தக் கசற்றை எடுத்துப் பாருங்கள், தொடக்கத்திலிருந்து முடிவுவரை நான் ஒரு பல்லைக்கூடக் காட்டியிருக்க மாட்டேன். அதற்கும் கதை கட்டிவிட்டார்கள், முதல் புருஷனை நினைத்துக்கொண்டு நின்றாளாம்.

போன வருடம் தம்பி அந்தப் பழைய கசற்றை ஃபோனில் பார்க்கிற மாதிரி மாற்றி எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். என் மகள் பார்க்க வேண்டும் என்றாள். சரி, தாய் ஒருகாலத்தில் என்னவாக இருந்தாள் என்று பிள்ளை பார்க்கட்டும் என்று, நானும் முதன்முறையாக அதை முழுக்கப் பார்க்கப் பக்கத்தில் இருந்தேன். இதயம் வந்தது, புறா வந்தது. பிறகு பாட்டுக்கு ஏற்றபடி ஆட்கள் வந்தார்கள். ஆட்கள், ஆட்கள், ஆட்கள். பற்றிஸ் தின்கிறவர்கள், சங்கிலியைச் சரிசெய்கிறவர்கள், பிளாஸ்கைத் திறக்கிறவர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எறிந்ததும் சுழன்றதும் ஒன்றும் அதில் இல்லை. நான் பிழையில்லாமல் ஓடிய நேரம் முழுக்க அந்த மனிதர் பார்க்க வந்தவர்களைத்தான் எடுத்திருக்கிறார். ஒருவரை விட்டாலும் பிறகு "என்னைப் பிடிக்கேல்லை" என்று சண்டைக்கு வருவார்களே. என்னிடம் திரும்பியது கடைசித் தூக்குக்குத்தான். என் சீவியத்தில் நான் ஓடியதற்கு இருக்கிற ஒரே சாட்சியில் நான் விழுகிறது மட்டும்தான் இருக்கிறது.

ஃபோனை எறிந்திருப்பேன். அப்போது வீடியோவில் அப்பா வந்தார். வாய்க்குப் பக்கத்தில் பற்றிஸ், கடிக்கவில்லை. தலை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மெதுவாகத் திரும்புகிறது, எதையோ விடாமல் பார்த்துக்கொண்டே போகிறது. பிறகு அப்படியே நின்றது. பக்கத்தில் அம்மா கையால் வாயைப் பொத்தினார். அப்பாவின் கழுத்து மேலே உயர்ந்தது, உயர்ந்து இறங்கியது, இறங்கிய பிறகுதான் மூச்சு விட்டார். அது சல்வோ என்னை எறிந்த இடம். வேறொன்றாக இருக்க முடியாது.

நிறுத்தி மகளுக்குக் காட்டினேன். "பார், இதுதான் நான். தாத்தா பாக்கிறது என்னைத்தான். சுத்தி இறங்கினனான், பிழை இல்லாமல். தாத்தாவின்ரை கழுத்தைப் பார்."

மகள் பார்த்தாள். மரியாதைக்காக இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"ஓம் அம்மா, வடிவாத்தான் இருக்கு" என்றாள். "இனி விழுறதைப் போடுங்கோ."